மார்பிலுள்ள காவற்காரன்

மார்பில் மின்கருவி பொருத்திக்கொண்ட இருதய நோயாளிகள் இக்காலத்தில் பலர். அக்கருவியை என்றேனும் நிறுத்தலாமா? மார்க்கம் பேணும் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

மாரடைப்பிலிருந்து பிழைத்தவரின் இருதயத்தில் ஒரு தழும்பு தங்கிவிடுகிறது. துடிப்பை நடத்தும் மின்னோட்டம் சில வேளை அத்தழும்பைச் சுற்றிச் சுழன்று, இருதயத்தை வெறிகொண்டு ஓடச் செய்யும். பின்னர் இருதயம் துடிப்பதை விட்டு நடுங்கும். மூளைக்கு இரத்தம் ஏறாது. சில நிமிஷங்களில் மவுத்து.

இதற்கு மாற்றுக் கண்டவர் மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற டாக்டர். தம் குருவாயிருந்த டாக்டர் இவ்விதம் மாண்டதைக் கண்டு மனம் வெதும்பியவர் அவர். பல்லாண்டு உழைத்து அவர் ஆக்கிய கருவி, 1980 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதன் முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. இன்று அது தோலுக்கடியில் அமர்ந்து, இரவும் பகலும் இருதயத்தைக் காவல் காக்கிறது. தாளம் கெட்டால் மின்னதிர்ச்சி கொடுத்து நேராக்குகிறது. குதிரை உதைத்தாற் போலிருக்கும் என்பர் பட்டவர்கள். மாரடைப்பால் இருதயம் பெரிதும் பலவீனப்பட்டோரிடையே அது மரணத்தை 100-க்கு 31 பங்கு குறைத்ததென 2002-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆகவே கருவியை ஏற்பது தக்தீரை மறுப்பதாகாது. இதில் நமக்கு ஐயமில்லை. ஐயம் வேறிடத்தில்.

அதே மனிதர் பின்னொரு நாள் தீராத புற்று நோயால் ஸக்கராத் நிலையில் கிடக்கிறார் என்போம். பிள்ளைகள் கலிமாவை நினைவூட்டுகிறார்கள். காவற்காரனோ, கள்வனையும் உரியவன் அனுப்பிய தூதனையும் பிரித்தறியான். தாளம் தவறுந்தோறும் அடிக்கிறான். அவ்வடி நோயைத் தீர்க்காது, வேதனையைத்தான் கூட்டும்.

நிறுத்துவது கொலையாகாதா எனச் சிலர் அஞ்சுகின்றனர். நாம் அவ்விதம் கருதவில்லை. அதிர்ச்சியை நிறுத்துவதால் இருதயம் நின்றுவிடுவதில்லை. அது தன் போக்கில் துடிக்கும். கத்தியும் வேண்டியதில்லை, வெளியிலிருந்தே டாக்டர் அதை நிறுத்திவிடலாம். உயிரைக் காப்பது கடமை. விடைபெறும் உயிரை வதைப்பது கடமையன்று. ஆனால் பிழைக்க வழியுள்ளவருக்கு, சிரமத்துக்கஞ்சி நிறுத்துவது பெரும் பிழை. இரண்டையும் பிரித்தறிவதே இங்கு நீதி.

வணிகர்களாகிய நாம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கிறோம், வஸிய்யத்தும் எழுதுகிறோம். இந்த ஒரு முடிவை மட்டும், அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகளின் தலையில் ஏன் சுமத்த வேண்டும்? கருவியுள்ளவர், அறிவு தெளிவாயிருக்கும்போதே டாக்டரையும் ஆலிமையும் கலந்து, தம் விருப்பத்தை வீட்டாரிடம் சொல்லி, எழுதியும் வைப்பாராக.

நல்ல முடிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.