தலைநிமிர்ந்து தடுமாறு!

'ஸ்லிம் சான்ஸ்' என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியானால் 'ஃபேட் சான்ஸ்'? ஒல்லிக்கு எதிர்ப்பதம் குண்டுதானே, வாய்ப்பு ஏராளம் என்று நீ பதில் சொன்னாய். வகுப்பே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும். நீ தலையைக் குனிந்துகொண்டாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை!

குனியாதே தம்பி. உன் விடை தப்பு, ஆனால் நீ யோசித்த முறையில் ஒரு பழுதும் இல்லை. 'ஃபேட் சான்ஸ்' என்றாலும் வாய்ப்பு இல்லை என்றுதான் பொருள்; அது நக்கலில் பிறந்த தொடர். 'ஆமாமா, கிடைச்சிடும், கிடைச்சிடும்' என்று நாம் உதட்டைச் சுழித்துச் சொல்வோமே, அதே தொனி. அந்தத் தொனியைக் கேட்காமல் எழுத்தை மட்டும் படித்தவனுக்குப் பொருள் எப்படிப் பிடிபடும்?

'எனக்குத் துளியும் அக்கறையில்லை' என்பதற்கு ஆங்கிலேயர் 'குடன்ட் கேர் லெஸ்' என்பார்கள். அமெரிக்கர் பலர் அதிலுள்ள 'இல்லை'யை உருவிவிட்டு 'குட் கேர் லெஸ்' என்கிறார்கள். பொருள் மட்டும் மாறவில்லை! மொழி ஆய்வாளர் ஸ்டீவன் பிங்கர் 1994-இல் வந்த தம் நூலில், இதுவும் கிண்டல் தொனிதான் என்று வாதாடினார். ஒப்பாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தாய்மொழிக்காரர்களே மல்லுக்கட்டும் இடத்தில் நீ தடுமாறினால் அது அவமானமா?

பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்பக்கத்தைப் பார். 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். முன்னால் 'இன்' வந்தால் 'இல்லை' என்று படித்த பிள்ளை அதைத் 'தீப்பிடிக்காது' என்றுதான் புரிந்துகொள்வான். பொருளோ நேர்மாறு! அந்த 'இன்' லத்தீனிலிருந்து வந்தது, மறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'ஃப்ளேமபிள்' என்றாலும் 'இன்ஃப்ளேமபிள்' என்றாலும் தீப்பற்றும். இந்தக் குழப்பம் உயிரைக் குடித்துவிடும் என்று அஞ்சித்தான் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே 'இன்' இல்லாத சொல்லை எழுதச் சொன்னது. பிரிட்டனின் தரநிர்ணய நிறுவனமும் 1959-இல் அதே பக்கம் வந்தது. படித்தவனைத் திட்டவில்லை, எழுதும் சொல்லை மாற்றினார்கள். தடுமாறுவது நீ மட்டுமல்ல என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

படிவத்தை 'ஃபில் இன்' செய்தாலும் 'ஃபில் அவுட்' செய்தாலும் வேலை ஒன்றே. 'அப் ஃபார் இட்' என்பவனும் 'டவுன் ஃபார் இட்' என்பவனும் 'நான் தயார்' என்றே சொல்கிறார்கள்.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுகிறவர் 'வர்றேன்' என்கிறார். போகிறவர்! பானையில் அரிசி தீர்ந்தால் பாட்டி 'நிறைஞ்சிருக்கு' என்பாள். வெறுமையை வாயால் சொல்லக் கூடாது என்ற மங்கல வழக்கு அது. நம் குழந்தைகள் யாராவது இதில் ஏமாந்ததுண்டா? வாசலில் நின்று கேட்டார்கள், சொன்னவர் முகத்தைப் பார்த்தார்கள், திருப்பிச் சொன்னார்கள். இந்த வித்தையைப் பாலோடு சேர்த்துக் குடித்தவன் நீ! அதே வித்தையை இன்னொரு மொழியில் காட்ட உன்னால் முடியாதா?

ஜோசப் கான்ராட்டைப் பார். போலந்துக்காரர். 1878-இல் இங்கிலாந்தில் கால்வைத்தபோது அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் சொற்பம். வயது இருபது. கப்பலில் வேலை பார்த்துக்கொண்டே மாலுமிகளின் பேச்சைக் காதில் வாங்கினார். 1895-இல் அவருடைய முதல் நாவல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கடைசிவரை அவர் பேச்சில் போலிஷ் வாடை போகவே இல்லை. போகாவிட்டால் என்ன? ஆங்கில நாவலின் வரலாற்றில் அவருக்கென்று ஓர் இடம் இருக்கிறது!

ஆகவே சொல்லைச் சொல்லாகப் பிய்த்து மனப்பாடம் செய்வதை இன்றோடு விடு. தொடரை முழுசாகப் பிடி. யார் சொன்னார், எந்த இடத்தில், எந்தத் தொனியில் என்று சேர்த்தே நோட்டில் எழுது. புரியவில்லையென்றால் புரிந்ததுபோல் தலையாட்டாதே. கையைத் தூக்கி, 'இதற்கு என்ன பொருள்?' என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேள். அன்று மாலைக்குள் அந்தத் தொடரை ஒருவரிடமாவது பேசிப் பார். தப்பாகச் சொன்னால் திருத்துவார்கள். திருத்தியதை அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, இன்னும் உரக்கச் சொல்!