பொறி அடங்கும் நேரம்

எங்கள் துறைமுகம் அரைத்துப் பிழைக்கும் துறைமுகம். கப்பலில் வந்திறங்கும் கோதுமையைச் சீனன்குடாவில் பிறீமா ஆலை மாவாக்குகிறது. கப்பலில் வந்திறங்கும் கிளிங்கரை அதே பக்கத்தில் டோக்கியோ சீமெந்து ஆலை பொடியாக்குகிறது. மூட்டைகளை ஏற்றிய லொறிகள் ஓடும் சத்தம் கப்பல்துறையில் என் பட்டறை வரைக்கும் கேட்கும். என்னுடையதும் அரைக்கும் தொழில்தான். ஆனால் அவர்களுக்குப் பொடிதான் பொருள். எனக்குப் பொடி குப்பை. தேய்ந்து மிஞ்சுவதுதான் பொருள்.

1990இல் அகதியாய்க் கடல் கடந்தேன். மண்டபம் முகாமில் சில மாதம் இருந்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் பம்புத் தண்டுகளைச் சாணைக்கல்லில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரப் பழகினேன். கணினியில் ஓடும் சி.என்.சி. கிரைண்டிங் இயந்திரம் வந்தபோது அதற்கு மாறினேன். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, படகு எஞ்சின்களின் கிராங்க் தண்டுகளைப் பழைய இயந்திரம் ஒன்றில் தேய்க்கிறேன். கணினி இப்போது என்னிடம் இல்லை. அது கற்றுத் தந்தது இருக்கிறது.

இங்கே ஒரு சிவராத்திரி இரவு கோயில் மண்டபத்தில் சைவசித்தாந்த வகுப்பு நடந்தது. இறை, உயிர், பாசம் மூன்றுக்கும் தொடக்கம் இல்லை என்று தொடங்கினார் ஐயா. பாசத்தில் ஒன்றாய் உயிரைப் பற்றிக்கொண்ட ஆணவ மலம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் வலிமைதான் ஒடுங்குகிறது என்று முடித்தார். செம்பில் களிம்பு போல அது உயிரோடு கூடப் பிறந்தது என்றார். பின்வரிசைப் பொடியன் ஒருவன் எழும்பி, "அழியவே அழியாதெண்டால் ஏன் ஐயா இவ்வளவு பாடு?" என்று கேட்டான். சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தொழிலையே பார்த்துக் கேட்டது போல இருந்தது.

ஏனென்றால் என் தொழிலிலும் முழுச் சுத்தம் கிடையாது. ஒரு தண்டுக்கு 25 மில்லிமீட்டர் என்று வரைபடம் சொல்லும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இத்தனை மைக்ரான் கூடலாம், இத்தனை குறையலாம் என்றும் போட்டிருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரான். அந்தச் சின்ன எழுத்தைப் பட்டறையில் டாலரன்ஸ் என்போம். நேர்ப்பொருள், பொறுத்துக்கொள்ளல். துளியும் பிசகாத 25 வேண்டும் என்று எந்த வரைபடமும் கேட்பதில்லை. கேட்டால் செய்து கொடுக்க உலகில் ஆள் இல்லை. சரி, துளி இடைவெளியும் இல்லாமல் தண்டையும் பேரிங்கையும் பொருத்திவிட்டோம் என்றே வையுங்கள். எண்ணெய்க்கு இடம் இருக்காது. எஞ்சின் இறுகி நின்றுவிடும். எண்ணெய் ஓட விட்ட அந்த இடைவெளியைக் குறை என்பதா, அருள் என்பதா? சித்தாந்தம் இறையையும் உயிரையும் ஒன்றென்றும் சொல்லாமல் இரண்டென்றும் சொல்லாமல் நிற்பது எனக்கு விளங்கியது இந்த இடத்தில்தான்.

ஆனால் பொடியனின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அழியாத ஒன்றோடு என்ன செய்வது? அதற்கு என் விடை கோயம்புத்தூரில் ஓர் இராத்திரி ஷிப்டில் முன்பே கிடைத்திருந்தது.

சி.என்.சி.யில் நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளை இயந்திரம் வரிவரியாய்ச் செய்யும். முதலில் கல் வேகமாய் உள்ளே போய்ப் பெரும்பகுதியைத் தேய்க்கும். பிறகு மெதுவாய், சிறிது சிறிதாய். கடைசியில் ஜி04 என்று ஒரு வரி. அந்த வரியில் கல் சுழலும், தண்டும் சுழலும், ஆனால் கல் முன்னே நகராது. இத்தனை விநாடி அங்கேயே நில் என்பதுதான் அந்தக் கட்டளை. வேலை எதுவும் நடக்காதது போலத் தோன்றும். எண்ணிக்கை கூட்டிப் பெயர் வாங்கும் ஆசையில் ஓர் இரவு அந்த விநாடிகளை ஒன்றாகக் குறைத்துவிட்டேன். விடிவதற்குள் வழக்கத்தை விட அதிகத் தண்டுகள். காலையில் அளந்தால் ஒன்றும் தேறவில்லை. எல்லாம் அளவுக்கு மேல். சில வட்டமாகவும் இல்லை.

போர்மேன் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் நின்று ஒரு தண்டை ஓட்டிக் காட்டினார். "பாருங்க தம்பி, கல்லு தள்ளுறப்ப தண்டு கொஞ்சம் வளைஞ்சு குடுக்குதுங்க. கணினிக்கு அது தெரியாது, அளவு வந்துருச்சுன்னு நெனச்சுக்கும். தள்ளுறத நிறுத்திட்டு நின்னாத்தானுங்க தண்டு தன் நெலைக்குத் திரும்பும். பொறி குறையும் பாருங்க. பொறி நின்னாத்தான் அளவு."

தீப்பொறி மத்தாப்புப் போலச் சிதறியது, மெலிந்தது, ஒன்றிரண்டாய் மின்னியது, நின்றது. தமிழில் பொறி என்றால் தீத்துளி, பொறி என்றால் இயந்திரம், பொறி என்றால் கண்ணும் காதும் முதலான ஐம்பொறி. மூன்றும் ஒரே இடத்தில் அடங்குவதை அன்று பார்த்தேன்.

சிதறும் பொறியைச் சாதனை என்று நினைத்திருந்தேன். விரதம், காவடி, அன்னதானம் எல்லாம் பொறி பறக்கும் வேலைதான். பெரும்பகுதி அதில்தான் தேயும், அது வேண்டும். ஆனால் தள்ளும்போது மனம் வளைந்து கொடுக்கும். திருந்திவிட்டேன் என்று கணக்குக் காட்டும். தள்ளுதல் நின்றதும் பழைய இடத்துக்குத் துள்ளி வரும். மலபரிபாகம் என்று சித்தாந்தம் சொல்வது மலம் பக்குவப்படுதலை. அழுத்துவதை நிறுத்திய பிறகும் இடத்தை விட்டு நகராமல் நிற்பது என்று அதை நான் புரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் அந்த இயந்திரம் காட்டியது. அது வருமுன் எங்கள் பட்டறையில் ஒரு மூத்தவர் இருந்தார். கல்லின் சத்தத்தைக் காதால் கேட்டே அளவு சொல்வார். கணினி வந்ததும் அவர் காதுக்கு மதிப்புப் போனது. மனிதக் கை விலகினால் 'நான்' என்பதும் விலக வேண்டுமே? விலகவில்லை. அவர் 'என் காது' என்றார், நாங்கள் 'என் மெஷின்' என்றோம். ஆணவம் இருக்கை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

இயந்திரத்துக்கோ அந்த நோய் இல்லை. தேய்க்கத் தேய்க்கக் கல்லும் தேயும். எவ்வளவு தேய்ந்தது என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. தண்டை அளந்து, வந்த பிழையைத் திரையில் ஆஃப்செட் என்ற பக்கத்தில் பதிய வேண்டும். அதை வாங்கிக்கொண்டு அடுத்த தண்டை அது திருத்திச் செய்யும். மனிதனிடம் மழுங்கிவிட்டாய் என்று சொல்லிப் பாருங்கள்.

தன்னில் மழுங்கிய மணிகளை உதிர்க்கிற கல்தான் நல்ல கல். உதிர்ந்த இடத்தில் புதுக் கூர் வெளிவரும். உதிராத கல்லின் முகம் கண்ணாடி போல மினுங்கும். அது தேய்ப்பதில்லை, உரசிச் சுடும். தண்டில் நீலக் கறை விழும். அப்போது வைரமுனையால் கல்லின் முகத்தையே சீவி எடுப்போம். தன்னைத் தேய்க்காமல் பிறரைத் தேய்க்க வரும் ஆசிரியரையும், தகப்பனையும், சாமியாரையும் பார்க்கும்போது அந்த நீலக் கறை நினைவுக்கு வரும். கோயிலில் சந்தனக் கட்டையைத் தேய்க்கும் கல்லைப் பாருங்கள், நடுவில் குழிந்திருக்கும். சந்தனத்தில் துளி கல்லும் சாமிக்குப் போகிறது.

ஆகவே பொடியனுக்கு என் விடை இது. ஆணவம் அழியாது தம்பி, அளவுக்குள் வரும். அளவுக்குள் வந்த தண்டு வேலை செய்யும். படகு கடலுக்குப் போய்த் திரும்பும். பாடுபடுவது அதற்கு.

எல்லோருக்கும் ஒரு சொல். தேய்த்த சூட்டோடு அளக்கக் கூடாது என்பது எங்கள் பட்டறைச் சட்டம். உலகம் முழுவதும் அளவுக்கு வைத்த வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். எங்கள் ஊர் வெயிலில் 32 பாகையில் கிடக்கும் 100 மில்லிமீட்டர் உருக்குத் தண்டு, சும்மா கிடந்தே ஏறக்குறைய 14 மைக்ரான் நீண்டிருக்கும். கோபத்தோடும் அழுகையோடும் பூசை முடிந்த பரவசத்தோடும் உங்களை நீங்கள் அளக்காதீர்கள். ஆற விட்டு அளந்து பாருங்கள்.