பூனைக்குட்டியும் கத்தும்தானே

சிவனொளிபாதமலைக்குப் பை கட்டும்போதெல்லாம் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஒரு வழக்கு எழும். “ஆண்டவனை நம்பித்தானே போறியள், பிறகென்னத்துக்கு இந்த வோக்கி-டோக்கி?” என்பது அம்மாவின் கட்சி. பிள்ளைகளோடு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து சேரும் அக்காவுக்கோ, இருட்டிலும் நெரிசலிலும் ஒரு பிள்ளை தவறிப்போனால் என்ன செய்வது என்பதே பேச்சு. நான் அக்கா பக்கம். ஆனாலும் அம்மாவின் கேள்வி லேசானதல்ல.

அதில் பக்தியோடு பயமும் கலந்திருக்கிறது. போர்க்காலக் கொழும்பில், ஒரு தமிழ் வீட்டில் வோக்கி அகப்பட்டால் அந்த வீட்டுப் பிள்ளையைக் குற்றப் புலனாய்வுத் துறையின் நாலாம் மாடிக்கு விசாரணைக்குக் கொண்டுபோக அதுவே போதுமாயிருந்தது. இன்றைக்கும் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் செற்றை அப்படியே பாவிக்கக் கூடாது. அம்மாவுக்காகவே இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

பயத்தை விலக்கிவிட்டாலும் கேள்வி நிற்கிறது. வைணவர்கள் இதை நெடுங்காலம் விவாதித்திருக்கிறார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. இறைவனை நாம் பற்ற வேண்டுமா, அவன் தூக்குவான் என்று விட்டுவிட வேண்டுமா? வடகலையார் குரங்கைச் சொன்னார்கள், தென்கலையார் பூனையை. நாங்கள் சைவர்கள், ஆனாலும் அம்மாவின் மனம் பூனையிடம் இருக்கிறது. நான் அவரிடம் சொல்வது ஒன்றுதான்: பூனைக்குட்டியும் கத்தும்தானே அம்மா. கத்துவது நம்பிக்கைக் குறைவென்றால் தேவாரம் பாடியவர்கள் எல்லோரும் குறைபட்டவர்கள்.

வோக்கி யாரையும் பிடித்து வைப்பதில்லை. குரலைக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் அம்பாந்தோட்டையில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, நம் நாட்டு அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிற்றலையில் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். அந்தக் குரல் யாரையும் நீரிலிருந்து தூக்கவில்லை. கேட்டவர்கள் எழும்பிப் போக வேண்டியிருந்தது.

மலையில் இதை இன்னும் நெருக்கமாக உணரலாம். உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணி வழியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். வோக்கிப் பெட்டியில் ‘35 கிலோமீற்றர்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது இடையில் ஒன்றுமே மறைக்காத இரண்டு உச்சிகளுக்கான கணக்கு. வோக்கியின் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். வெள்ளவத்தை மாடிவீடுகளுக்கிடையே ஒரு கிலோமீற்றரே பெரிது. மலையில் படி ஒரு பாறைக்குப் பின்னால் திரும்பினால் சில நூறு மீற்றரிலேயே குரல் அறுந்துவிடும். அப்போது இரண்டு பக்கமும் கேட்கக்கூடிய திருப்பத்தில் ஒருவர் நின்று, கீழே சொன்னதை மேலே சொல்ல வேண்டும். சிங்கள யாத்திரிகர் குழுக்களில் ‘நடே குரா’ என்ற மூத்தவர் எல்லோரையும் சேர்த்துக் கூட்டிப் போவார். எங்கள் குழுவில் அந்த வேலையில் பாதி, திருப்பத்தில் நிற்பவருடையது.

செற்றைத் தெரிவுசெய்யும்போது நான் முதலில் பார்ப்பது பேச்சுப் பொத்தானைத்தான். அதை அமர்த்தியிருக்கும்வரை உங்களுக்கு ஒன்றும் கேட்காது. விரல் எடுக்க மறந்தால் அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேசவும் முடியாது. அதனால் பைக்குள் தானாக அமுங்காத, விறைத்த விரலுக்கும் தட்டுப்படுகிற பொத்தானாக இருக்க வேண்டும். அடுத்தது பற்றரி. உச்சிக் குளிரில் அது சோர்ந்துவிடும். மாற்றுப் பற்றரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்திருங்கள். ‘தனிமைக் குறியீடு’ என்று விற்பதை நம்பி வீட்டு விஷயம் பேசாதீர்கள். அது மற்றவர்களின் பேச்சை உங்கள் காதுக்கு வராமல் அடைக்கிறதே தவிர, உங்கள் பேச்சை யாரிடமிருந்தும் மறைப்பதில்லை.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பிரார்த்தனையைப் பற்றியும் பேசுகிறேன் என்றே எனக்குத் தோன்றுகிறது. கோயிலில் நான் எவ்வளவோ நேரம் பொத்தானை விடாமல் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறேன். பதில் வரவில்லை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்பது வேறு கேள்வி. அதை நான் இன்னும் தீர்க்கவில்லை.

அம்மாவின் கேள்விக்கு மட்டும் பதில் இருக்கிறது. எங்கள் முதல் செற், கடைசியாக ஏறி வருகிற அக்காவின் சின்ன மகளுக்கு. இரண்டாவது, அவள் கூப்பிட்டால் ஏறிய படிகளை மறுபடி இறங்கச் சம்மதிக்கிற ஒருவருக்கு. அது எப்போதும் அக்காதான். அதற்காகச் சூரியோதயத்தைத் தவறவிடவும் அவர் தயார்.