சுவரொட்டியில் யாருடைய உடல்?

வெண்மணி நினைவாகக் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து ஓர் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்கள். அதற்குச் சுவரொட்டி வரைந்து தரச்சொல்லி என்னிடம் வந்தார்கள். என்ன வரையவேண்டும் என்பதிலும் தெளிவாகவே இருந்தார்கள். எரியும் குடிசை, உள்ளே கருகிக் கிடக்கும் உடல்கள், ஒரு தாய், அவள் மார்பில் குழந்தை. "பாக்கிறவன் அப்படியே நின்னுடணும்ண்ணே" என்றான் ஒருவன். நான் மறுத்துவிட்டேன். ஏன் என்பதை இங்கே பேசவேண்டியிருக்கிறது. இது ஒரு படத்தைப் பற்றிய தகராறு மட்டுமல்ல.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்கள் 44 பேர். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே மிகுதி. அவர்கள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. செங்கொடியை இறக்கச் சொன்னபோது இறக்க மறுத்தார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் பண்ணையார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று கனம் கோர்ட்டாருக்கு நம்ப முடியவில்லையாம். இதெல்லாம் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். நான் கேட்பது வேறு. நம் சனங்களின் வரலாற்றில் வரைவதற்குக் கருகிய பிணம் மட்டும்தான் இருக்கிறதா?

கருகிய உடலை வரைகிறபோது நான் வரைவது பண்ணையார் செய்த காரியத்தை. அரைப்படி கேட்டது, கொடியை இறக்கமாட்டேன் என்று நின்றது, இவைதான் நம்மவர்கள் செய்த காரியம். அது படத்துக்குள் வருவதே இல்லை. தலித் என்றால் விலா எலும்பு, கோவணம், ஏந்திய கை, இல்லாவிட்டால் பிணம். நம்மைப் பற்றி இரக்கப்படுகிறவர்களுக்கு இதுதான் வசதியாக இருக்கிறது. அடிபட்டவனைப் பார்த்து உச்சுக்கொட்டலாம். கேட்டவனைப் பார்த்தால் பதில் சொல்லவேண்டிவரும்.

"அப்ப மறைக்கச் சொல்றீங்களா? மறைச்சா அவனுங்களுக்குத்தானே லாபம்" என்று ஒரு மாணவி மடக்கினாள். நியாயமான கேள்வி. 1955இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் அடித்துக் கொன்றார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. அவனுடைய தாய் மேமி டில், சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். என் பிள்ளைக்குச் செய்ததை ஊர் உலகம் பார்க்கட்டும் என்றார். ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள், 'ஜெட்' பத்திரிகை படத்தை வெளியிட்டது. அதே உடலை வெள்ளைக்காரப் பெண் ஓவியர் ஒருவர் வரைந்து, 2017இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் வைத்தபோது, கறுப்பின ஓவியர் ஒருவர் அந்தப் படத்தை மறைத்துக்கொண்டு முன்னால் நின்றார். உடல் ஒன்றுதான். காட்டு என்று சொல்ல அந்தத் தாய்க்கு உரிமை இருந்தது, அவள் சொன்னாள். எனக்கு யார் சொன்னது? நானும் சேரிக்காரன்தான் என்பதாலேயே வெண்மணித் தாயின் வெந்த மார்பு எனக்குச் சொந்தமாகிவிடாது.

அதிலும் இது சுவரொட்டி. கண்காட்சி அரங்குக்குள் வருகிறவன் மனசைத் தயார்படுத்திக்கொண்டு வருகிறான். அங்கே பெயரோடு, வயதோடு, உயிர்பிழைத்தவர்களின் வாக்குமூலத்தோடு எதையும் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். சுவர் அப்படியா? பள்ளிக்கூடம் போகிற நம் பிள்ளை பார்க்கும். மைதா பசைக்காக மாடு கிழித்துத் தின்னும். மறுநாள் பாதி முகத்தின்மேல் சினிமா போஸ்டர் ஒட்டுவார்கள். எரிந்து செத்தவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தவேண்டுமா?

நெல் அளக்கிற படி ஒன்றை வரையலாம் என்றேன். "ரேஷன் கடை விளம்பரம்னு நெனச்சுக்குவாங்கண்ணே" என்று சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அந்த மாணவியே இன்னொன்றைச் சொன்னாள். "வெறும் படியப் போட்டா கூலிப் பிரச்சினைன்னுதானே ஆவும்? சாதி எங்க போச்சு?"

இதுதான் என்னை ஆட்டிய கேள்வி. வெண்மணியைக் கூலித் தகராறு என்றே எழுதி முடித்தவர்கள் உண்டு, தோழர்களிலும் உண்டு. கூலி கேட்டவன் சொந்தச் சாதிக்காரனாக இருந்தால் குழந்தை குட்டியோடு வைத்துக் கொளுத்தியிருப்பானா? ஆனால் சாதியை எப்படி வரைவது? கன்னங்கரேலென்று மை பூசினால் தலித் ஆகிவிடுமா? அது நம் ஓவியர்களுக்கே பிடித்துப்போன சோம்பேறித்தனம்.

பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்: பண்ணையில் வாங்கும்போது குவித்து அளப்பான், கொடுக்கும்போது தலைதட்டி அளப்பான். அதைப் பிடித்துக்கொண்டேன். குவித்த படி. அதைத் தலைதட்ட வருகிற மோதிரக் கை. அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிற ஒரு பெண்ணின் கை. இந்தக் கை அந்தக் கையைத் தொடுகிறது. அங்கே சாதி தானாக வந்துவிடுகிறது. கீழே பெரிய எழுத்தில்: 'எரிக்கப்பட்டவர்கள் 44 தலித்துகள். கேட்டது அரைப்படி.'

பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். இப்போது வண்ணத்தில் நிற்கிறது சண்டை. ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிச் செலவு. கையிலிருப்பது இரண்டு வண்ணத்துக்கான காசு. கறுப்பும் சிவப்பும் போட்டால் கட்சி போஸ்டர் என்பார்கள். 1968இல் ஆண்டதும் அந்தக் கட்சிதான். கறுப்பும் நீலமும் என்றேன். "செத்தவங்க புடிச்சது செவப்புக் கொடிண்ணே, அத நாம எப்படி எடுக்குறது" என்கிறான் ஒருவன். மூன்றாவது வண்ணத்துக்கு விடுதியில் காசு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.