கேட்கக்கூடிய பங்கு

1950 ஏப்ரலில், ஈராக்கின் நிம்ருட்டில், அகதா கிறிஸ்டி தன் சுயசரிதையை எழுதத் தொடங்கினார். அவருடைய இரண்டாவது கணவர் மக்ஸ் மலோவன் அங்கே பழைய அசீரிய நகரமொன்றை அகழ்ந்துகொண்டிருந்தார். எழுதி முடிக்க 15 ஆண்டுகள் சென்றன. 1976 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு நூல் வெளிவந்தது. 500 பக்கங்களுக்கு மேல். டோர்க்கி ஊரின் சிறுபராயம், தாயின் அன்பு, முதல் உலகப்போர்க் காலத்து மருந்துக்கூடம், நெடிய ரயில் பயணங்கள், மெசப்பொத்தேமியாவின் புழுதி எல்லாம் அதில் உண்டு. வாசகர்கள் முதலில் தேடிய ஒன்று மட்டும் இல்லை. அது 1926 டிசம்பரின் 11 நாட்கள்.

அந்த ஆண்டு ஏப்ரலில் அவருடைய தாய் இறந்தார். சில மாதங்களில், தான் வேறொரு பெண்ணை விரும்புவதாகக் கணவர் ஆர்ச்சிபால்ட் சொன்னார். டிசம்பர் 3 இரவு, நித்திரையிலிருந்த 7 வயது மகளை வீட்டில் விட்டுவிட்டு, கிறிஸ்டி காரில் கிளம்பினார். மறுநாள் கார் சரே மாவட்டத்தில் ஒரு சரிவில் தனியாக நின்றது. 1000 பேருக்கு மேற்பட்ட பொலிசாரும் ஆயிரக்கணக்கான பொதுமக்களும் தேடினார்கள். விமானங்கள் பறந்தன. ஆர்தர் கொனன் டொயில் அவருடைய கையுறை ஒன்றை வாங்கி, ஆவிகளோடு பேசுபவரிடம் கொடுத்துப் பார்த்தார். டிசம்பர் 14 அன்று யோக்‌ஷயரின் ஹரோகேட் நகரில் ஒரு ஹோட்டலில் அவர் கண்டுபிடிக்கப்பட்டார். கேப்டவுனிலிருந்து வந்தவர் என்று அங்கே பதிந்திருந்தார். கொடுத்திருந்த குடும்பப்பெயர், கணவர் விரும்பிய பெண்ணினுடையது.

நினைவு தப்பிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 1928 இல் ஒரு நாளிதழுக்குக் கொஞ்சம் விளக்கம் கொடுத்தார். அதன் பின் அரை நூற்றாண்டு அந்த நாட்களைப் பற்றி அவர் பொதுவில் வாய் திறக்கவில்லை.

பிறருடைய இரகசியங்களைக் கடைசி அத்தியாயத்தில் கூட்டத்தின் நடுவே அவிழ்த்துக் கொட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, தன்னுடையதை மூடிவைக்க உரிமை உண்டா? பல வருடங்களாக இந்தக் கேள்விக்கு நான் 'இல்லை' என்றே விடை வைத்திருந்தேன். அதற்குக் காரணம் கிறிஸ்டி அல்ல, என் அப்பா.

அப்பா யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பியதற்கும் ரொறொன்ரோவில் வந்து இறங்கியதற்கும் இடையில் சில மாதங்கள் கிடக்கின்றன. அதைப் பற்றி வீட்டில் அவர் பேசியதில்லை. ஆனால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, முழுவதையும் சொல்லியிருக்கிறார்: அகதி விசாரணையில், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து, முன்பின் தெரியாத அதிகாரிக்கு. இது எனக்கு ஆறாத குறை. ஒருநாள் கேட்டேவிட்டேன்: "யாரோ ஒரு வெள்ளைக்காரருக்குச் சொன்னதை எங்களுக்குச் சொன்னால் என்னப்பா?"

அவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அங்கை சொல்லாட்டில் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். இங்கை சொல்லாட்டில் நீங்கள் என்னைத் திருப்பி அனுப்புவியளே?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது யோசித்தால், துப்பறியும் கதைகள் எனக்குள் விதைத்திருந்த ஒரு பிழையான எண்ணத்தை அந்தக் கேள்வி தொட்டிருக்கிறது. உண்மை என்று ஒன்று இருந்தால், அது அறையில் இருக்கும் எல்லோருக்கும் சொந்தம் என்பதே அந்த எண்ணம். பொவாரோ எல்லோரையும் கூப்பிட்டு இருத்துவார். கொலைக்குச் சம்பந்தமில்லாதவர்களின் பழைய பெயரும் கடனும் காதலும்கூட வெளியே வரும். நாங்கள் திருப்தியோடு புத்தகத்தை மூடுவோம். ஆனால் கிறிஸ்டியே அப்படி நினைத்தாரா? 1934 இல் வந்த ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் கொலைக்கதையில் பொவாரோ ஒன்றல்ல, இரண்டு விடைகளைச் சொல்கிறார். பொலிசாருக்கு எதைக் கொடுப்பது என்பதைக் கூட இருக்கும் இருவரிடம் விட்டுவிடுகிறார். உண்மையைக் கண்டுபிடிப்பது ஒன்று, அதை யாருக்குச் சொல்வது என்பது வேறொன்று என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய மௌனம் வெறும் மௌனமும் அல்ல. தாய் இறந்தபின் பழைய வீட்டை ஒழுங்குபடுத்திய நாட்களை அவர் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு காசோலையில் கையெழுத்திடப் போய், தன் பெயர் நினைவுக்கு வராமல், ஏதோ நாவலில் வரும் பாத்திரமொன்றின் பெயரை எழுதிவிட்டாராம். அதற்கு மேல் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார். மேரி வெஸ்ட்மகொட் என்ற புனைபெயரில் 6 நாவல்கள் எழுதினார். 1934 இல் வந்த ஒன்றில், தாயையும் கணவனையும் அடுத்தடுத்து இழந்து உடைந்துபோகும் ஒரு பெண் வருகிறாள். அந்தப் பாத்திரத்தில்தான் அகதா அதிகம் தெரிகிறார் என்று மலோவனே பின்னர் எழுதினார். ஆக, அவர் சொல்லாமல் இருக்கவில்லை. தான் தேர்ந்த பெயரில், தனக்குத் தாங்கக்கூடிய அளவில் சொன்னார்.

பயணமும் அவருக்கு இதைத்தான் கொடுத்தது என்று நினைக்கிறேன். 1928 இல், விவாகரத்து முடிந்த கையோடு, தனியாக ரயிலேறி பக்தாதுக்குப் போனார். அங்கே அவரை யாரும் அந்த 11 நாட்களைப் பற்றிக் குடையவில்லை. எங்கள் பெற்றோர் பலருக்கும் இந்தக் குளிர்நாடு முதலில் அப்படித்தான் இருந்திருக்கும். தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்பவனுக்கு உங்களுடைய கதை தெரியாது. அது தனிமைதான். ஆனால் ஓர் ஆறுதலும்கூட.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேடியவர்களை மறந்துவிட முடியாது. டிசம்பர்க் குளிரில் புதர்களுக்குள் நடந்தவர்களுக்கு, ஒருவர் உயிரோடிருக்கிறார் என்பதை அறியும் உரிமை நிச்சயம் இருந்தது. அதற்கு மேல் இருந்ததா? இருந்தது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த 7 வயதுக் குழந்தை? விடிய எழும்பி அம்மாவைக் காணாதவளுக்கு ஒரு கேள்வி சொந்தமாக இருந்தது: என்னை ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள்? இந்தக் கேள்வியைத் தாயின் தனிப்பட்ட விடயம் என்று ஒதுக்க முடியாது. அது மகளின் வாழ்க்கையிலும் நடந்தது.

அந்த மகள் ரொசலிண்ட், அந்த நாட்களைக் கற்பனை கலந்து எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்தைத் தடுக்க 1978 இல் நியூயோர்க் நீதிமன்றம்வரை போனார். நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. விட்டுவிட்டுப் போகப்பட்ட பிள்ளையே பின்னர் அந்த மௌனத்துக்குக் காவல் நின்றது என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கோடு தெரிகிறது. பெற்றவர்களுடைய கதையில் எங்கள் மேல் விழுந்த பங்கை நாங்கள் கேட்கலாம். அதைச் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். மிச்சம் அவர்களுடையது. அன்பினால் தரலாம், தராமலும் விடலாம்.

இதை எனக்குக் காட்டித்தந்தவள் என் மகள். ஒவ்வொரு ஜூலை முதலாம் திகதியும் வாணவேடிக்கை தொடங்க, அப்பா எழும்பி நிலக்கீழ் அறைக்குப் போய்விடுவார். நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் பின்னாலேயே இறங்கிப் போய், "அப்பப்பா, நீங்கள் ஏன் ஒவ்வொரு முறையும் இங்கை வாறீங்கள்?" என்று கேட்டிருக்கிறாள். நான் கேட்டது அவருடைய கதை முழுவதையும். அவள் கேட்டது, தன் கண்முன்னே நடப்பதை மட்டும். அவர் ஒரு வசனத்தில் பதில் சொன்னாராம். அது அவளுக்குச் சொன்னது. நான் இங்கே எழுதப்போவதில்லை.

முழுக் கதையும் எங்கோ ஓர் அரச கோப்பில், மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு இப்போது பார்வை குறைவு. வங்கிப் பத்திரங்களையும் மருத்துவப் படிவங்களையும் நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். வாசிக்காமலேயே கையெழுத்து வைக்கிறார். அவற்றோடு சம்மதப் படிவம் ஒன்றையும் வைத்தால் கோப்பைக் கேட்டு எடுத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் வழி சொன்னார். படிவத்தை இறக்கி, அவருடைய பெயரையும் பிறந்த திகதியையும் நிரப்பியும் வைத்தேன்.

போன கிழமை அதை அவருக்கு முன்னால் வைத்து, என்னவென்று வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அதை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "தேத்தண்ணி ஒண்டு போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன்.