வினையும் இரும்பும்

பீட்டா தலசீமியா, குறையுள்ள மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைக்கு வரும் ரத்தசோகை. பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பர். இருவரும் மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொத்தேரி எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனாலும் வேலூர் சி.எம்.சி. ஆனாலும், மருத்துவம் அதற்கு மேல் காரணம் சொல்லாது. "யார் செய்த பாவம்?" என்ற ஊராரின் கேள்வியைச் சமயங்களிடம்தான் கேட்க வேண்டும்.

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பிரிக்கிறது. மூன்றும் அந்தந்த உயிருக்கே உரியவை. ஆகவே தாயின் பாவம் பிள்ளையைத் தாக்கியது என்ற பழிக்கு அதில் இடமில்லை. பௌத்தத்தின் சீவக சூத்திரம் இன்னும் வெளிப்படையானது. பித்தம், கபம், வாதம், பருவமாற்றம் முதலியவற்றாலும் துன்பம் வரும். எல்லாமே பழவினை என்பது தவறு என்கிறார் புத்தர். திருக்குறள் ஊழின் வலிமையை 38ஆம் அதிகாரத்தில் ஒப்புக்கொண்டு, 62ஆம் அதிகாரத்தில் இடைவிடா முயற்சி அதையும் வெல்லும் என்கிறது.

அந்த முயற்சியே புதிய சிக்கலைக் கொண்டுவருகிறது. நோய் கடுமையானால் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் இழப்பதோ நாளுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மிகுதியை வெளியேற்ற அதற்கு வழியில்லை. இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிகிறது. ரத்தசோகை என்றதும் அக்கறையோடு இரும்புச்சத்து டானிக் வாங்கித் தருவதும் இக்குழந்தைக்குத் தீங்காகலாம்.

உயிர் காத்த தானமே உறுப்பைக் கெடுத்தால் அது அறமா? அறம்தான், ஆனால் கொடுத்ததோடு அது முடிவதில்லை. விளைவையும் ஏற்றுச் சரிசெய்யும்போதே நற்செயல் முழுமை பெறுகிறது. மிகுதியான இரும்பை வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்சமின் மருந்தை வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி செருகி, சிறு பம்பு வழியாக இரவில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் ஐந்து இரவுகளாவது செலுத்துவர். பிள்ளை தூங்கும்வரை காத்திருந்து ஊசி போடும் தாய், முன்வினையை ஆராய்வதைவிடப் பெரிய அறத்தைச் செய்கிறாள். டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ் ஆகியவை வாய்வழி மருந்துகளாக வந்தபின் இச்சுமை குறைந்தது.

கடமை குடும்பத்தோடு நிற்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் தன் பட்டியலில் சேர்த்தது. மருந்தும் ரத்தமும் தடையின்றிக் கிடைக்கச் செய்வது சமூகத்தின் பொறுப்பு. மணமாகும் முன் ஒரு ரத்தப் பரிசோதனையில் மரபணுவைச் சுமப்பவரைக் கண்டறியலாம். காரணம் தேடுவதன் பயன் பழி சுமத்துவதன்று. அடுத்துச் செய்ய வேண்டியதை அறிவதே.