வலையறுத்தலும் ஈகையும்: கடற்பாதுகாப்பின் அறம் குறித்து

முன்னுரை

ஓர் உயிரைக் காப்பதற்கு ஒருவர் தம் வாழ்வாதாரத்தை இழக்க நேருமெனில், அவ்விழப்பை ஏற்க வேண்டியவர் யார் என்பது அறவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். இந்தியக் கடற்கரை நெடுகிலும் வாழும் மீனவர் முன் இவ்வினா இன்று நேரடியாகவே நிற்கிறது. கடல்வாழ் உயிரினங்களைக் காக்கும் சட்டங்களும் மீன்பிடித் தடைக்காலங்களும் சரணாலயங்களும் பெருகியுள்ளன. அவற்றின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயின், அவை மீனவரிடம் வேண்டி நிற்கும் விட்டுக்கொடுத்தல் கடமையா, ஈகையா, அன்றி வெறும் இழப்பா என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. தமிழ் மரபு போற்றும் மீனவர் ஒருவரின் வரலாற்றையும் குஜராத்துக் கடற்கரையில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த மாற்றம் ஒன்றையும் இணைத்து நோக்கி, இவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

அதிபத்தர் விடுத்த மீன்

சேக்கிழாரின் பெரியபுராணம் நாகைக் கடற்கரையின் நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் தலைவரான அதிபத்தரின் வரலாற்றைக் கூறுகிறது. நாள்தோறும் தமக்குக் கிடைக்கும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவர்தம் ஒழுக்கம். ஒரு மீன் மட்டுமே அகப்பட்ட நாள்களில் அதனையும் விடுத்தார். சுற்றத்தார் பசியால் வாடியபோதும் அவ்வொழுக்கத்தில் தவறவில்லை. இறுதியில் பொன்னும் மணியுமாய் ஒரு மீன் வலையில் வந்தபோது அதனையும் கடலுக்கே அளித்தார். இந்நிகழ்வு நாகப்பட்டினத்தில் ஆவணித் திங்களில் தங்கமீன் விடும் விழாவாக இன்றும் கொண்டாடப்படுகிறது.

இவ்வரலாற்றைக் கடற்பாதுகாப்புச் சிந்தனையின் முன்னோடி எனக் கூறுவது பொருந்தாது. அதிபத்தர் மீனினத்தைக் காக்கும் நோக்கில் மீனை விடுத்தாரல்லர், அது வழிபாடு. அவ்வாறே, பட்டினப்பாலையில் பரதவர் முழுநிலா நாளில் கடல்வேட்டம் செல்லாது சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு மகிழ்ந்தனர் என்னும் செய்தியையும் மீன்வளப் பாதுகாப்பாக விளக்குவது பிற்காலக் கருத்தை முற்காலத்தின்மேல் ஏற்றுவதாகும். மரபைப் போற்றும் ஆர்வத்தில் இத்தகைய ஏற்றிக்கூறல்கள் நம் ஆய்வுலகில் மலிந்து வருகின்றன.

எனினும் அதிபத்தர் வரலாறு வேறொரு வகையில் பயன்படுகிறது. விடுதல் என்னும் செயல் ஈகையாவதற்குரிய இரண்டு நிபந்தனைகளை அது தெளிவாகக் காட்டுகிறது. ஒன்று, விடுபவர் தமக்குரியதை விடுகிறார். மற்றொன்று, அவர் தம் விருப்பத்தால் விடுகிறார். இவ்விரண்டும் இல்லாதவிடத்து விடுதல் நிகழலாம், ஈகை நிகழாது. அதிபத்தரின் பசி போற்றப்படுவதற்குக் காரணம், அது பிறர் விதித்த பசியன்று என்பதே. சுற்றத்தார் உற்ற பசியோ அவர்கள் தாமே தேர்ந்ததன்று. ஒருவரின் ஈகைக்கும் பிறர் விலை கொடுக்க நேர்கிறது என்பதும் இவ்விடத்து எண்ணத்தக்கது.

வேராவல் மீனவரின் வலை

குஜராத் மாநிலத்தின் சௌராஷ்டிரக் கடற்கரையில், வேராவலை ஒட்டிய கடற்பகுதிக்குத் திமிங்கிலச் சுறாக்கள் ஆண்டுதோறும் வருகின்றன. உலகின் மிகப் பெரிய மீனினமாகிய இது நுண்ணுயிர்களை வடிகட்டி உண்டு வாழ்வது. மனிதருக்குத் தீங்கு செய்யாதது. 1990களில் இது பெருமளவில் வேட்டையாடப்பட்டது. இதன் இறைச்சி ஏற்றுமதியாயிற்று. ஈரலின் எண்ணெய் மரப்படகுகளுக்குப் பூசப்பட்டது. தூண்டிலுடன் பீப்பாய்களைப் பிணைத்து மீனைக் களைப்படையச் செய்து பிடித்தமையால், அப்பகுதியினர் இதனைப் 'பேரல்' என்றே அழைத்தனர். பிடிக்கும் கருவியின் பெயரே மீனின் பெயராயிற்று.

2001ஆம் ஆண்டு இம்மீன் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலிக்குரிய பாதுகாப்பு ஒரு மீனுக்கும் கிடைத்தது. ஆயினும், கரையிலுள்ள சட்டம் நடுக்கடலில் வலைக்கருகே நிற்பதில்லை. 2004ஆம் ஆண்டு இந்திய வனவுயிர் அறக்கட்டளை, மாநில வனத்துறை முதலியோரால் விழிப்புணர்வு இயக்கம் தொடங்கப்பட்டது. இராமகதைச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, மகப்பேற்றுக்காகத் தாய்வீடு வரும் மகளோடு இம்மீனை ஒப்பிட்டு மீனவரிடையே பேசினார். அன்புக்குரியது என்னும் பொருளில் 'வாலி' என அது வழங்கப்பெற்றது. கருவியின் பெயர் நீங்கி உறவின் பெயர் அமைந்தது. அதன்பின், வலையில் சிக்கிய பல நூறு திமிங்கிலச் சுறாக்களை மீனவர் தம் வலையை அறுத்து விடுவித்துள்ளனர்.

இங்கு இருவேறு கட்டளைகளைப் பிரித்தறிதல் வேண்டும். 'கொல்லாதே' என்பது ஒன்று. 'உன் வலையை அறு' என்பது மற்றொன்று. முன்னதற்கு விலை கேட்பதற்கில்லை. அழிவின் விளிம்பிலுள்ள உயிரை வேட்டையாடாதிருத்தல் எவர்க்கும் உரிய கடமை. மீனவர் அனைவரும் இசையும்வரை அச்சட்டம் காத்திருக்க வேண்டும் எனக் கூறவும் இயலாது. இசைவு கிடைக்கும் முன் இனமே அழிந்துவிடக்கூடும். ஆனால் பின்னது அத்தகையதன்று. வேறு மீனுக்காக விரித்த வலையில் சுறா தானே வந்து சிக்குகிறது. அதனை உயிரோடு விடுவிக்க மீனவர் தம் முதலீட்டையே அறுத்தெறிய வேண்டியுள்ளது. வலை அவருக்குரியது, சில வேளைகளில் கடன் பெற்று வாங்கியது. தீங்கு செய்யாதிருத்தல் என்னும் எல்லையைக் கடந்து, தம்முடையதைத் தருதல் என்னும் எல்லைக்குள் அவர் அழைக்கப்படுகிறார்.

குஜராத் வனத்துறை அறுபட்ட வலைக்கு இழப்பீடு வழங்கியது இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் எனலாம். மீனவர் தாமே எடுத்த நிழற்படத்தைச் சான்றாகக் கொண்டு அத்தொகை வழங்கப்பட்டது. அவர் சொல் நம்பப்பட்டது என்பதும் ஒருவகை மதிப்பே. இழப்பீடு ஈகையின் தூய்மையைக் கெடுக்காதா எனச் சிலர் வினவலாம். வலையின் விலை திரும்பக் கிடைக்கலாம். அறுத்த நாளின் உழைப்பும் கைவிட்ட மீன்பாடும் திரும்புவதில்லை. எனவே ஈகைக்கு இடம் எஞ்சியே நிற்கிறது.

தடையின் சுமை

எல்லாக் கடற்கரைகளிலும் இவ்வேறுபாடு உணரப்படுவதில்லை. ஒடிசாவின் கஹிர்மாதா 1997இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் அம்மாநிலக் கடற்பகுதிகளில் ஆண்டுதோறும் நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடித் தடை உள்ளது. ஏழு மாதம் என்பது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாயில் பாதிக்கும் மேற்பட்ட காலம். ஆமையின் உயிரைப் போற்றும் நகரவாசிக்கு இதனால் ஒரு வேளை உணவும் குறைவதில்லை. அறத்தின் பெருமை ஒரு சாராருக்கும் அதன் செலவு மற்றொரு சாராருக்கும் எனப் பிரிந்துவிடுகிறது.

இதற்கு மாறான சான்று கேரளத்தில் கிடைக்கிறது. அங்குப் பருவமழைக்கால இழுவைமடித் தடை 1988இல் நடைமுறைக்கு வந்ததற்குப் பாரம்பரிய மீனவர் நெடுங்காலம் நடத்திய போராட்டமே முதற்காரணம். மீனவர் தாமே தடையைக் கேட்டனர் என்பது நோக்கத்தக்கது. மீனவர் பாதுகாப்புக்குப் பகைவர் என்னும் பொதுக்கருத்தை இது மறுக்கிறது. தடையன்று, தம்மைக் கேளாது விதிக்கப்படும் தடையே அவர்க்குச் சுமையாகிறது.

அவ்வாறாயின் ஊர்வழக்கையே முழுதும் நம்பலாமா எனின், அதுவும் ஆராயத்தக்கது. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் முறை வழங்குகிறது. இறால் மிகுந்த இடங்களில் வலை கட்டும் உரிமை, சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிரப்படுகிறது. பூசலைத் தவிர்த்து, ஒருவரே மிகுதியாய் அள்ளுவதைத் தடுக்கும் அரிய ஏற்பாடு இது. ஆயினும் அவ்வுரிமை குறிப்பிட்ட சில ஊர்களைச் சார்ந்த ஒரு சமூகத்தின் ஆடவர்க்கே உரியதாய் இருந்து வந்துள்ளது. பிற சமூகத்தாரும் பெண்டிரும் அதற்குப் புறத்தே நின்றனர். மரபு என்பதனாலேயே ஒன்று நீதியாகிவிடாது. சட்டம் என்பதனாலும் ஆகாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. அருகிவரும் உயிரைக் கொல்லாதிருத்தல் மீனவர்க்கும் பிறர்க்கும் ஒத்த கடமை. அவ்வுயிரைக் காக்கத் தம் வலையையும் தொழில்நாளையும் இழத்தல் அக்கடமைக்கு மேற்பட்டது. அதனை விரும்பிச் செய்வார் போற்றுதற்குரியர். ஆனால் அதனைச் சட்டத்தால் வேண்டும் சமுதாயம் இழப்பில் தன் பங்கை ஏற்க வேண்டும். கடல் பொது எனின் அதன் காவலும் பொது. காவலின் செலவும் பொதுவே. செலவைக் கணக்கிடுங்கால் படகின் உரிமையாளரை மட்டுமன்றி, கூலிக்குக் கடலேறுபவரையும் கரையில் மீன் சுமந்து விற்கும் பெண்களையும் எண்ணுதல் வேண்டும்.

பொன்மீனைக் கடலில் விடுத்த அதிபத்தரைப் புராணம் நாயன்மார் வரிசையில் வைத்துப் போற்றியது. எல்லா மீனவரும் நாயன்மாராதல் வேண்டுமென அப்புராணம் ஆணையிடவில்லை. துறவைப் போற்றுதல் வேறு. பிறர்மேல் துறவைச் சுமத்துதல் வேறு. கடற்பாதுகாப்புக் குறித்த நம் சட்டங்களும் கொள்கைகளும் இவ்வேறுபாட்டைப் பேணும் அளவிலேயே அறத்தின் பெயரைப் பெறத் தகுதியுடையனவாகும்.